கடைமடை வரை போகும் சோதனை: உயிரியலிலிருந்து மென்பொருள் சோதனை எடுத்துக்கொண்டது என்ன?

மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று, கல்லணையையும் தாண்டிவிட்டது. அதனால் கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று டெல்டாவில் யாரும் சொல்லமாட்டார்கள். எந்த வாய்க்காலில் வந்தது, எந்த மதகு வரை வந்தது என்றுதான் கேட்பார்கள். மென்பொருள் சோதனையிலும் கேட்க வேண்டியது அதே கேள்வி. நிரல் ஓடியது, பிழை வரவில்லை என்றால் தலைமடை நனைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். பிழைகள் பெரும்பாலும் கடைமடையில்தான் படுத்திருக்கும்.

அந்தக் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோக, உயிர்களின் பரிணாமத்தையும் எறும்புகளின் நடமாட்டத்தையும் பார்த்து உருவான சில கணிப்பு முறைகள் உதவுகின்றன. ஆனால் இவற்றைப் பற்றிப் பேசும்போது மூன்று தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நிரலே பரிணாமம் அடைந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது ஒன்று. ஏஐ எல்லா டெஸ்டையும் எழுதிவிடும், மனிதர் வேண்டாம் என்பது இன்னொன்று. கண்ட எண்களைப் போட்டுப் பார்ப்பதற்கே இப்படியொரு பெரிய பெயர் என்பது மூன்றாவது. மூன்றும் சரியல்ல. ஏன் என்பதை ஒரு சிறிய நிரலை வைத்துப் பார்ப்போம்.

நாம் சோதிக்கப்போகும் நிரல்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ரசீது போடும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்காக நாமே கற்பனை செய்தது. எங்கும் ஓடும் உண்மையான நிரல் அல்ல. அது மூன்று முழு எண்களை வாங்குகிறது.

முதலாவது ஈரப்பதம். புள்ளி வராமல் இருக்கப் பத்தால் பெருக்கி எழுதுகிறோம்: 17.0 சதவீதம் என்றால் 170. எல்லை 0 முதல் 1000 வரை. இரண்டாவது மூட்டைகளின் எண்ணிக்கை, 1 முதல் 1000 வரை. ஒரு விவசாயியின் மூட்டை அல்ல, ஒரு நாள் வரவின் மொத்தம் என்று கொள்ளுங்கள். மூன்றாவது மொத்த எடை, கிலோவில், 0 முதல் 50000 வரை.

நிரலுக்குள் இரண்டே கேள்விகள். ஈரப்பதம் 170-க்குள் இருக்கிறதா? இல்லையென்றால் நெல் திருப்பி அனுப்பப்படும். (வழக்கமான வரம்பு 17 சதவீதம், மழைக் காலங்களில் தளர்த்துவதும் உண்டு. இங்கே 17 என்றே வைத்துக்கொள்வோம்.) அடுத்து, எடை சரியாக மூட்டை × 40 வருகிறதா? ஒரு மூட்டைக்கு 40 கிலோ கணக்கு. வந்தால் ரசீது, வராவிட்டால் மறு எடை.

ரசீது போடும் இடத்தில் ஒரு பிழையை ஒளித்து வைத்திருக்கிறோம். அங்கே எடையை 16 பிட் முழு எண்ணாகச் சேமிக்கிறார்கள். அந்தப் பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. 819 மூட்டைக்கு 32760 கிலோ, அடங்கிவிடும். 820 மூட்டைக்கு 32800, அடங்காது. சி, ஜாவா போன்ற மொழிகளில் இப்படிப் பெரிய எண்ணைச் சிறிய பெட்டிக்குள் திணித்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் −32736 என்று பதிவாகும்.

இதைக் கற்பனைப் பிழை என்று ஒதுக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்டு 40 விநாடிகளுக்குள் சிதறியதற்கு வேர், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது அது அடங்காமல் போனதுதான்.

கிளையும் கவரேஜும்

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. நிரலில் "இப்படியென்றால் இங்கே, இல்லையென்றால் அங்கே" என்று பிரியும் ஒவ்வொரு வழிக்கும் *கிளை* என்று பெயர். நம் டெஸ்ட்கள் எத்தனை கிளைகளைத் தொட்டன என்ற விகிதம் *கவரேஜ்*. நம் நிரலில் நான்கு கிளைகள்: திருப்பி அனுப்பு, உள்ளே விடு, மறு எடை, ரசீது.

முதல் மூன்றையும் எளிதில் தொட்டுவிடலாம். நான்காவதுதான் கடைமடை. மூன்று எண்களையும் குலுக்கலில் எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். ஈரப்பதம் வரம்புக்குள் விழ 1001-இல் 171 வாய்ப்பு. எடை மிகச் சரியாக மூட்டை × 40 ஆக அமைய 50001-இல் 1 வாய்ப்பு. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 2.93 லட்சத்தில் ஒன்று. அதோடு மூட்டை 820 அல்லது அதற்கு மேலும் இருந்து பிழை வெளிப்பட வேண்டுமென்றால் சுமார் 16 லட்சத்தில் ஒன்று. இரண்டே கேள்விகள் உள்ள நிரலுக்கே இந்த நிலை. ஆறேழு கேள்விகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் குலுக்கல் முறையில் ஆயுள் முழுதும் போதாது.

இதுவரை பார்த்தது: சோதனையின் முதல் வேலை ஒவ்வொரு கிளைக்கும் போய்ச் சேரும் உள்ளீட்டைக் கண்டுபிடிப்பது. வெறும் குலுக்கல் எளிய கிளைகளுக்குப் போதும், கடைமடைக்குப் போதாது.

எவ்வளவு தூரம் தவறினோம் என்று அளப்பது

இந்தத் துறையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். உயிரியல் உவமைகளை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

எடை 2000 வர வேண்டிய இடத்தில் 2100 வந்தது. இன்னொரு முறை 45000 வந்தது. இரண்டும் தவறுதான். குலுக்கல் முறைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு முதலாவது 100 கிலோ தள்ளி, இரண்டாவது 43000 கிலோ தள்ளி. இந்தத் தள்ளலுக்குக் *கிளைத் தூரம்* என்று பெயர். "இதுவும் அதுவும் சமமா" என்ற கேள்விக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தூரம். "170-க்குள் இருக்கிறதா" என்ற கேள்விக்கு 182 வந்தால் தூரம் 12. 170 அல்லது அதற்குக் கீழே வந்தால் 0.

இரண்டாவது அளவும் வேண்டும். ஈரப்பதத்திலேயே திரும்பிப் போன உள்ளீடு, எடைக் கேள்வியை எட்டவே இல்லை. எடை வரை போய்த் தவறியது அதைவிட மேல். இலக்குக்கு முன்னால் இன்னும் எட்டாத கேள்விகள் எத்தனை பாக்கி என்ற எண்ணிக்கையை *அணுகு நிலை* என்பார்கள்.

இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டும். 43000 போன்ற பெரிய தூரம் அணுகு நிலையை விழுங்கிவிடாமலிருக்க, தூரத்தை அதனுடன் 1 கூட்டிய எண்ணால் வகுத்து 0-க்கும் 1-க்கும் இடையில் சுருக்குவார்கள். வரும் மொத்த எண்ணே *தகுதி மதிப்பு*. ஃபிட்னஸ் என்று பேசப்படுவது இதுதான். இங்கே குறையக் குறைய நல்லது. 0 என்றால் இலக்கை அடைந்தாயிற்று.

உள்ளீட்டை ஈரப்பதம், மூட்டை, எடை என்ற வரிசையில் எழுதுவோம்.

(165, 50, 2100): எடைக் கேள்வி வரை போனது, அணுகு நிலை 0. தூரம் 100. மதிப்பு 100/101, அதாவது 0.990.

(182, 900, 36003): ஈரப்பதத்தில் திரும்பியது, அணுகு நிலை 1. தூரம் 12. மதிப்பு 1 + 12/13, அதாவது 1.923.

இந்தத் தூரங்களை அளக்க, கருவி நிரலின் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஓர் அளவுக்கம்பு நட்டு வைக்கிறது. ஆற்றில் நீர்மட்டம் பார்க்க நடுவது போல. நிரலின் வேலை மாறாது, போகிற வழியில் எண்கள் மட்டும் குறித்துக்கொள்ளப்படும். இதை இன்ஸ்ட்ருமென்டேஷன் என்பார்கள்.

இப்படி எண்ணால் வழி தேடும் யோசனை புதிதல்ல. வெப் மில்லரும் டேவிட் ஸ்பூனரும் 1976-இலேயே தசம எண் உள்ளீடுகளுக்கு இதை எழுதிவிட்டார்கள். போக்டன் கோரெல் 1990-இல் கிளைத் தூரத்தை வைத்து, நிரலை ஓட்டி ஓட்டித் தேடும் முறையைச் செய்து காட்டினார். 2001-இல் மார்க் ஹார்மனும் பிரையன் ஜோன்ஸும் இந்தப் போக்குக்கே தேடல் சார்ந்த மென்பொருள் பொறியியல் என்று பெயரிட்டார்கள்.

தண்ணீர் தானாகப் பள்ளம் தேடுவது போல

அளவு கிடைத்துவிட்டால் எளிய தேடலே வெகுதூரம் போகும். கோரெல் சொன்ன வழி இது: ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண்ணை மட்டும் அசை. 1 குறைத்துப் பார். மதிப்பு இறங்கினால் அதே திசையில் 2, 4, 8, 16 என்று அடியை இரட்டிப்பாக்கு. தாண்டிவிட்டால் மறுபடி 1-இலிருந்து தொடங்கு.

(165, 50, 2100)-இல் எடையை மட்டும் அசைப்போம். 2099, 2097, 2093, 2085, 2069, 2037, 1973 என்று இறங்குகிறது. அடுத்த அடி 1845, தூரம் கூடிவிட்டது, நில். திசை மாற்றி 1974, 1976, 1980, 1988, 2004. அடுத்தது 2036, தாண்டிவிட்டது. மீண்டும் திரும்பி 2003, 2001, பிறகு 2000. தவறிய அடிகளையும் சேர்த்து 20 முறை நிரலை ஓட்டியதில் ரசீதுக் கிளை கிடைத்துவிட்டது. குலுக்கலுக்கு இதற்குச் சராசரியாக 2.93 லட்சம் ஓட்டங்கள் வேண்டும். வித்தியாசத்தை உண்டாக்கியது அளவு மட்டும்தான். உயிரியல் எதுவும் இன்னும் உள்ளே வரவில்லை.

இப்போது சிக்கலுக்கு வருவோம். ரசீதுக் கிளையைத் தொட்டாயிற்று, கவரேஜ் 100 சதவீதம். பிழை வெளிப்பட்டதா? இல்லை. 50 மூட்டைக்கு 2000 கிலோ, பெட்டியில் தாராளமாக அடங்குகிறது. கவரேஜ் முழுமையான நாளில் பிழை பத்திரமாக இருக்கிறது.

சரி, மூட்டையைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். (165, 50, 2000)-இல் மூட்டையை 51 ஆக்கினால் எடைக் கணக்கு 40 கிலோ இடிக்கிறது, ரசீதுக் கிளையை விட்டே வெளியேறிவிடுகிறோம். எடையை மட்டும் கூட்டினாலும் அதேதான். இரண்டும் சேர்ந்து, மூட்டை 1-க்கு எடை 40 வீதம் நகர்ந்தால்தான் முன்னேற முடியும். ஒன்றை மட்டும் அசைக்கும் முறைக்கு எந்தப் பக்கமும் மேடாகவே தெரிகிறது. சமன் செய்யாத வயலில் நடுவில் ஒரு குழி இருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கிவிடும், வடிகாலுக்குப் போகாது. இந்தக் குழிக்கு *உள்ளூர்ப் பள்ளம்* என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு எளிய மருந்து, வேறு வேறு இடங்களிலிருந்து தொடங்குவது. தொடக்கத்திலேயே எடை 32800-க்கு மேல் இருந்து, மூட்டையை முதலில் அசைத்தால், தேடல் பெரிய மூட்டை எண்ணிக்கையில் போய் நிற்கும். எதை முதலில் அசைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆறில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான தொடக்கங்கள் பிழையைத் தொடும். இந்தச் சிறு நிரலுக்கு இதுவே போதும். அடுத்து பார்க்கப்போகும் ஜெனடிக் அல்காரிதம் இதற்கு வேண்டியதே இல்லை. சின்ன வேலைக்குப் பெரிய கருவியைத் தூக்குவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் நேர விரயம்.

இதுவரை: தூரத்தை அளந்தால் தேடலுக்குத் திசை கிடைக்கும். திசை மட்டும் இருந்தால் குழியில் மாட்டிக்கொள்ளலாம். பல இடங்களிலிருந்து தொடங்கினால் தப்பலாம்.

நாற்றங்கால்: ஜெனடிக் அல்காரிதம்

உயிரியல் உள்ளே வரும் இடம் இது. பல தொடக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டாமல், ஒரே நேரத்தில் 50 உள்ளீடுகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் நல்லதை நல்லதோடு சேர்த்தால்? ஜான் ஹாலண்ட் 1975-இல் நூலாகத் தந்த ஜெனடிக் அல்காரிதத்தின் மையக் கருத்து இதுதான்.

இதை விளக்க டெல்டாவில் வெகுதூரம் போக வேண்டாம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏடிடி 43, ஐஆர் 50-ஐயும் வெள்ளைப் பொன்னியையும் கலந்து பிறந்தது. ஒன்றின் குறுகிய வயதும் மற்றதன் சன்ன அரிசியும் ஒரே பயிரில் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்து, கலந்து, பிறந்தவற்றில் தேர்ந்தெடுத்து, பல தலைமுறை வளர்த்தார்கள். எது நல்லது என்று நெற்பயிருக்குத் தெரியாது. அந்த அளவுகோல் மனிதருடையது. சோதனையிலும் அப்படியே.

வேலை நடக்கும் விதம்:

முதலில் குலுக்கலில் 50 உள்ளீடுகள். இதுவே முதல் *தலைமுறை*. ஒவ்வொன்றையும் நிரலில் ஓட்டித் தகுதி மதிப்பைக் குறித்துக்கொள்கிறோம்.

அடுத்து *தேர்வு*. மிகச் சிறந்ததை மட்டும் எடுப்பதில்லை. 50-இல் குலுக்கலாக மூன்று நான்கை எடுத்து, அவற்றுக்குள் சிறந்ததைப் பெற்றோராக்குகிறோம். நடுத்தரமானவைக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. "வலிமையானதே வாழும்" என்று புரிந்துகொண்டு முதலிடத்தை மட்டும் வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருவோம்.

பிறகு *கலப்பு*. மேலே பார்த்த இரண்டு உள்ளீடுகளையே பெற்றோராக எடுப்போம். (182, 900, 36003) மதிப்பெண்ணில் மோசம், 1.923. ஆனால் அதன் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 900 × 40 = 36000; மூன்றே கிலோ தள்ளி நிற்கிறது. ஈரப்பதத்திலேயே திரும்பியதால் அந்த நல்ல ஜோடி யார் கண்ணிலும் படவில்லை. முதல் எண்ணை (165, 50, 2100)-இலிருந்தும் மற்ற இரண்டையும் இதிலிருந்தும் எடுத்தால் பிறப்பது (165, 900, 36003). மதிப்பு 3/4, அதாவது 0.75. இரு பெற்றோரையும்விட மேல். மதிப்பில் பின்தங்கிய ஒன்று சுமந்துகொண்டிருந்த நல்ல குணம் வீணாகாமல் அடுத்த தலைமுறைக்கு வந்துவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம். மூட்டையும் எடையும் சேர்ந்தே போக வேண்டிய எண்கள். கலப்பில் பெற்றோரை ஓரிடத்தில் வெட்டித்தான் ஒட்டுகிறோம்; உள்ளீட்டில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதால்தான் அந்த வெட்டு அவற்றுக்கு நடுவில் விழாமல் தப்ப வாய்ப்பு அதிகம். எடையை முதலிலும் மூட்டையைக் கடைசியிலும் எழுதியிருந்தால் எங்கே வெட்டினாலும் ஜோடி உடையும். இந்த வரிசையைக் கவனிக்காமல் விட்டுவிட்டு "கலப்பு வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

அடுத்தது *திடீர்மாற்றம்*. பெயர்பெற்ற ஜிஇபி 24 நெல், தானாக நேர்ந்த ஒரு திடீர்மாற்றத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. இங்கே அதை நாமே சிறிய அளவில் செய்கிறோம்: மூன்று எண்கள் இருந்தால் ஒவ்வொன்றும் மாற மூன்றில் ஒரு வாய்ப்பு, பெரும்பாலும் சிறிய மாற்றம், எப்போதாவது பெரியது. 36003-இல் 3 குறைந்தால் (165, 900, 36000). ரசீதுக் கிளை திறக்கிறது, பெட்டி வழிகிறது, எடை −29536 கிலோ என்று பதிவாகிறது.

மிகச் சிறந்த ஒன்றிரண்டை மாற்றாமல் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது நல்ல வழக்கம். விதை நெல்லுக்கு ஒதுக்கி வைப்பது போல. இல்லையென்றால் கிடைத்த முன்னேற்றம் மறு தலைமுறையில் கலைந்துபோகலாம்.

கவனியுங்கள்: இவ்வளவிலும் ரசீது நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. பரிணாமம் அடைந்தது நிரல் அல்ல, உள்ளீடுகள்.

எங்கே கெடுகிறது

முதல் கேடு, ஒரே மாதிரி ஆகிவிடுவது. ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டு, அதற்குத் தாங்காத புகையான் பூச்சி வந்தால் மொத்தமும் போகும். தேர்வு கடுமையாக இருந்தால் இருபது தலைமுறைக்குள் 50 உள்ளீடுகளும் ஒன்றின் நகலாகிவிடும். பிறகு கலப்பதற்கு எதுவும் இல்லை. தகுதி மதிப்பு பல தலைமுறைகளாக அசையாமல் நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். போட்டிக்கு எடுக்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது பாதியைப் புதிய குலுக்கல் உள்ளீடுகளால் மாற்றுங்கள்.

இரண்டாவது கேடு, சமதரை. நிரல் எழுதியவர் முதலில் "சரி = (எடை, மூட்டை × 40 சமமா)" என்று விடையை ஒரு கொடியில் (ஆம், இல்லை மட்டும் அடங்கும் பெட்டி) வைத்துவிட்டு, பத்து வரி தள்ளி "சரி என்றால் ரசீது போடு" என்று எழுதியிருக்கலாம். அந்தக் கேள்வியில் அளப்பதற்கு ஆம், இல்லை தவிர எதுவும் இல்லை. 1 கிலோ தள்ளியதும் 43000 கிலோ தள்ளியதும் ஒன்றாகிவிடுகின்றன. சரிவே இல்லாத தரையில் தண்ணீருக்குத் திசை தெரியாது. எந்த அல்காரிதமும் இங்கே குலுக்கலுக்கு மேல் போகாது. ஒப்பீட்டைக் கேள்வி கேட்கும் இடத்துக்கே நகர்த்தி, சோதனைக்கு மட்டும் ஒரு பிரதி செய்துகொள்வது இதற்குத் தீர்வு.

மூன்றாவது, கேட்காததை எதிர்பார்ப்பது. (165, 50, 2000) கிடைத்தவுடன் தேடல் தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். அதனிடம் கேட்டது கிளையை மட்டும்தான். பெட்டி வழிவதையும் தேட வேண்டுமென்றால் அதையும் இலக்காக்க வேண்டும்: சேமிக்கும் இடத்தில் "எடை 32767-ஐத் தாண்டுகிறதா" என்று ஒரு பொய்க் கேள்வியைச் சோதனைப் பிரதியில் செருகுங்கள். இப்போது 2000 கிலோ என்பது இலக்கிலிருந்து 30768 தள்ளி, 36000 என்பது 0. தேடலுக்குச் சரிவு கிடைத்துவிட்டது.

விதை போட்டு வளர்க்கும் ஃபஸ்ஸிங்

படம், பிடிஎஃப் போன்ற கோப்புகளைப் படிக்கும் நிரல்களுக்கு மூன்று எண் கணக்கு பொருந்தாது. உள்ளீடே ஆயிரக்கணக்கான பைட்டுகள். அங்கே பயன்படுவது *ஃபஸ்ஸிங்*: கோப்பைச் சிதைத்துச் சிதைத்து நிரலுக்குக் கொடுத்து, எப்போது விழுகிறது என்று பார்ப்பது. மிஹாவ் ஸலெவ்ஸ்கி 2013-இல் வெளியிட்ட ஏஎஃப்எல் என்ற கருவி இதில் பரிணாமத்தைச் சேர்த்தது. தொடக்கக் கோப்புகளை இந்தத் துறையில் விதை என்றே சொல்கிறார்கள்.

இங்கே தூரம் அளப்பதில்லை, அளவுகோல் வேறு. சிதைத்த கோப்பு இதுவரை யாரும் தொடாத கிளை மாற்றம் ஒன்றைத் தொட்டால் அதையும் விதைக் கூட்டத்தில் சேர். இல்லையென்றால் பதராகத் தூற்றிவிடு. தொட்ட வழிகளைக் குறிக்க அது வைத்திருக்கும் பட்டியலின் அளவு வெறும் 64 கேபி. அதனால்தான் வேகமாக ஓடுகிறது.

2014-இல் ஸலெவ்ஸ்கி ஜேபெக் படம் படிக்கும் நிரலுக்கு "hello" என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள உரைக் கோப்பை ஒரே விதையாகக் கொடுத்தார். முதல் பைட் 255 ஆனபோது நிரலுக்குள் சற்று வேறு வழி திறந்தது, அதைக் கருவி பிடித்துக்கொண்டது. அதன்மேல் அடுத்த பைட், அதன்மேல் அடுத்தது என்று போய், கடைசியில் திறந்து பார்க்கக்கூடிய ஜேபெக் படங்களே உருவாயின. படம் என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் நிரல் நான்கு பைட்டை ஒரே மூச்சில் ஒப்பிட்டால் இந்தப் படிப்படியான ஏற்றம் முறியும். 429 கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகளில் ஒன்று பொருந்த வேண்டும். அப்போது தெரிந்த சொற்களை அகராதியாகக் கொடுக்க வேண்டும், அல்லது ஒப்பீட்டை பைட் பைட்டாகப் பிரிக்க வேண்டும்.

எறும்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். வரப்பில் இரை கண்ட எறும்பு விட்டுச்செல்லும் வாசனையைப் பிடித்து மற்றவை வரும். குறுகிய வழியில் வாசனை சீக்கிரம் அடர்கிறது, போகாத வழியில் ஆவியாகிறது. மார்க்கோ டோரிகோ 1992-இல் தன் முனைவர் ஆய்வேட்டில் இதை அல்காரிதமாக்கினார். சோதனையில் இது வரிசை சம்பந்தமான வேலைக்குப் பொருந்தும்: ஆயிரம் டெஸ்ட்களில் எவற்றை முதலில் ஓட்டினால் பிழை சீக்கிரம் தெரியும், ஒரு செயலியின் திரைகளை எந்த வரிசையில் கடந்தால் எல்லாவற்றையும் தொடலாம் என்பவை போல.

ஒரே சொல், இரண்டு பொருள்

மியூட்டேஷன் டெஸ்டிங் என்று ஒன்று உண்டு. மேலே சொன்ன திடீர்மாற்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. இங்கே மாறுவது உள்ளீடு அல்ல, நிரல். அதுவும் வேண்டுமென்றே கெடுப்பது. சோதிக்கப்படுவதோ நம் டெஸ்ட்கள்.

ரசீது நிரலில் "170 அல்லது அதற்குக் கீழ்" என்பதை "170-க்குக் கீழ்" என்று மாற்றி ஒரு கெட்ட பிரதி செய்கிறோம். நம் டெஸ்ட்கள் 165-ஐயும் 182-ஐயும் மட்டும் போட்டால் இரண்டு பிரதிகளும் ஒரே விடை தரும், கெட்டது தப்பிவிடும். சரியாக 170 ஈரப்பதத்துக்கு ஒரு டெஸ்ட் இருந்தால்தான் பிடிபடும். 17.0 சதவீத நெல்லோடு நிற்பவரை நிரல் திருப்பி அனுப்புமா என்பது கவரேஜ் எண்ணில் தெரியவே தெரியாது. வயலில் கலவன் (வேறு ரகப் பயிர்) எடுப்பவருடைய கண் தேர்ந்ததா என்று பார்க்க, நாமே இரண்டு கலவனை நட்டு வைப்பது போன்ற முறை இது.

எது சரி என்று யார் சொல்வது?

−29536 கிலோ என்று வந்ததே, அது தவறு என்று கருவிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நிரல் விழுந்தால், நின்றுபோனால் தெரியும். விழாமல் தவறான விடை சொன்னால் தெரியாது. விடை சரியா என்று தீர்மானிக்கும் அளவுகோலை *சோதனை ஆரக்கிள்* என்பார்கள் (அந்தப் பெயருள்ள நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை).

கார்டன் ஃப்ரேசரும் ஆண்ட்ரியா ஆர்குரியும் 2011-இல் அறிமுகப்படுத்திய எவோசூட், ஜாவா நிரல்களுக்கு இந்த முறையில் டெஸ்ட் தொகுப்பையே உருவாக்கித் தரும். ஆனால் ஒவ்வொரு டெஸ்டின் முடிவிலும் அது எழுதுவது, "இப்போது இந்த விடை வருகிறது" என்ற பதிவுதான். படிக்காமல் சேர்த்துக்கொண்டால் "900 மூட்டையின் எடை −29536" என்பதே சரியான விடையாக உங்கள் தொகுப்பில் உட்கார்ந்துவிடும். பிறகு ஒருவர் பிழையைத் திருத்தினால் அந்த டெஸ்ட் தோற்கும், திருத்தியவரைக் குற்றம் சொல்வார்கள்.

அதனால் மனிதர் எழுத வேண்டியவை சில உண்டு. எடை எதிர்ம எண்ணாகக் கூடாது. ரசீதில் உள்ள எடையும் தராசு எடையும் ஒன்றாக வேண்டும். திருப்பி அனுப்பிய நெல்லுக்கு ரசீது கூடாது. இந்த மூன்று வரிகளைத் துறை தெரிந்தவர்தான் எழுத முடியும். கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுபவருக்குத் தெரிவது கருவிக்குத் தெரியாது.

முதன்முதலில் செய்து பார்ப்பவருக்கு

இரண்டு முதல் நான்கு எண்களை வாங்கும் ஒரு சிறு செயல்கூறை எடுங்கள். ஆயத்த நிரல் தொகுப்பு (லைப்ரரி) எதையும் தேடுவதற்கு முன், கிளைத் தூரத்தை நீங்களே கையால் எழுதிப் பாருங்கள். பிறகு முதலில் குலுக்கல், அடுத்து ஒற்றை எண் அசைவு, கடைசியில் ஜெனடிக் அல்காரிதம். மூன்றுக்கும் நிரலை ஓட்டும் எண்ணிக்கையில் ஒரே வரம்பு வையுங்கள், 10000 ஓட்டங்கள் என்பது போல. தலைமுறைக்கு 50 உள்ளீடு, கலப்பு வாய்ப்பு 70 முதல் 80 சதவீதம், காப்பாற்றுவது ஒன்று அல்லது இரண்டு என்று தொடங்கலாம்.

ஒரே ஒரு முறை ஓட்டி முடிவு சொல்லாதீர்கள். குலுக்கல் கலந்த முறை எதுவாக இருந்தாலும் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. ஒவ்வொன்றையும் குறைந்தது 30 முறை ஓட்டி, எத்தனை முறை இலக்கை அடைந்தது என்று ஒப்பிடுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் குலுக்கலின் தொடக்க எண்ணைக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் கிடைத்த பிழையை மறுபடி வரவழைக்க முடியாமல் போகலாம்.

பைத்தானில் பைங்குவின், சி மொழியில் ஏஎஃப்எல் பிளஸ்பிளஸ் என்று ஆயத்தக் கருவிகளும் உண்டு. ஆனால் இவை உங்கள் நிரலை உண்மையாகவே ஓட்டும், அதுவும் கண்ட உள்ளீடுகளோடு. கோப்பை அழிக்கும் வரி ஒன்று இருந்தால் அழித்துவிடும். டாக்கர் போன்ற தனிப் பெட்டிக்குள் வைத்து, உண்மையான தரவுத்தளத்தின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பிழை கிடைத்ததும் அப்படியே நிரலாளரிடம் கொடுக்காமல் சுருக்கிக் கொடுங்கள். (165, 900, 36000) என்றால் அவர் 900-இல் என்ன விசேஷம் என்று தேடுவார். எடையை மூட்டைக்கு 40 வீதம் சேர்த்தே குறைத்துக்கொண்டு, மூட்டையைப் பாதி பாதியாக நெருக்குங்கள்: 450 சரி, 675 சரி, 787 சரி, 843 தவறு, 815 சரி, 829 தவறு, 822 தவறு, 818 சரி, 820 தவறு, 819 சரி. 819 மூட்டைக்கு 32760 கிலோ ஒழுங்காக வருகிறது, 820-க்கு −32736. 32767 என்ற எண்ணை அறிந்தவர் இந்த இரண்டு வரியைப் பார்த்ததுமே எந்தப் பெட்டியை மாற்ற வேண்டும் என்று கண்டுகொள்வார்.